லேசர் படகில் மெயின்ஷீட் கயிறு ஓயாமல் சிக்கிக்கொள்கிறது: தீர்வு உண்டா?

வங்கக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னைத் துறைமுகப் பகுதியில் எட்டு மாதங்களாகப் பாய்ப்படகு ஓட்டக் கற்று வருகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பழைய லேசர் படகை விலைக்கு வாங்கினேன். ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமுள்ள படகு, ஒரே பாய், ஒரே ஆள். ஆகவே கயிறுகளைச் சமாளிப்பது எளிதாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் காற்றையும் அலையையும்விட என்னைத் திணறடிப்பது பாயை இழுக்கவும் தளர்த்தவும் பயன்படும் மெயின்ஷீட் கயிறுதான்.

பாயை உள்ளே இழுக்கும்போது வரும் கயிறு முழுவதும் காக்பிட்டுக்குள் (ஓட்டுபவரின் கால்கள் இருக்கும் பள்ளத்துக்குள்) என் காலடியில் குவிகிறது. ஒழுங்காக இருக்கட்டும் என்று, சற்று ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அதை வளையம் வளையமாகச் சுருட்டி ஓரமாக வைக்கிறேன். அப்படியிருந்தும், பாயைத் தளர்த்த வேண்டிய நேரத்தில் ஒரு வளையம் இன்னொன்றுக்குள் புகுந்து, முடிச்சாகி, கப்பியின் வாயில் போய் முட்டி நின்றுவிடுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கடற்காற்று வலுத்தபோது கோழிமுட்டை அளவுக்கு ஒரு முடிச்சு கப்பியில் மாட்டியது. பாயைத் தளர்த்த முடியவில்லை, படகு கவிழ்ந்தது. தண்ணீருக்குள் விழுந்த பிறகுதான் இடது கணுக்காலில் கயிறு ஒரு சுற்றுச் சுற்றியிருப்பதை உணர்ந்தேன். உண்மையாகவே பயந்துவிட்டேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு ஜைப் செய்யும்போது, அதாவது பாயை மறுபக்கத்துக்கு மாற்றும்போது, பூம் (பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கட்டை) மறுபக்கம் பாய்வதற்குள் கயிறு படகின் பின்பலகை மூலையில் மாட்டிக்கொள்கிறது.

கயிறு 8 மி.மீ. தடிமன், ஏறத்தாழ 15 மீட்டர் நீளம். படகை விற்றவர் கூடவே கொடுத்தது. உப்பேறிக் கம்பி போல விறைத்திருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கூழைக்கடா எழுதியது:

நண்பரே, முதலில் சுருட்டுவதை நிறுத்துங்கள். பெரும்பாலான சிக்கல் அங்கேதான் பிறக்கிறது என்பது என் கருத்து.

கையால் ஒரு வளையம் சுருட்டும் ஒவ்வொரு தடவையும் கயிற்றுக்குள் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. இருபது வளையம் என்றால் இருபது முறுக்கு. கயிறு கப்பிக்குள் ஓடத் தொடங்கியதும் அந்த முறுக்கால் கப்பியைக் கடக்க முடிவதில்லை. பின்தங்கி, தளர்ந்து கிடக்கும் பகுதியில் ஒன்றாகச் சேருகிறது. அங்கே கயிறு தன்மேலேயே மடிந்து காது போல ஒரு சுருக்கை உண்டாக்கும். அந்தக் காதுக்குள் பக்கத்து வளையம் நுழைந்தால், நீங்கள் சொன்ன கோழிமுட்டை தயார். கரையில் தொங்கவிட்டு வைக்கும் கயிற்றைச் சுருட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும் கயிற்றை விழுந்தபடியே விட வேண்டும். ஒலிம்பிக் தரத்தில் லேசர் ஓட்டுபவர்களின் காணொளிகளைப் பார்த்தால், காக்பிட் தரையில் கயிறு வைக்கோல் போலக் கொட்டிக் கிடப்பதைக் காணலாம். பார்ப்பதற்குக் குப்பைதான், ஆனால் விழுந்த வரிசைக்கு நேர் எதிர்வரிசையில் அது தடையின்றிக் கிளம்பிப் போகும்.

அந்த வரிசை கலையாதிருக்க, படகை நீரில் இறக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கயிற்றின் முடிச்சிட்ட நுனியிலிருந்து தொடங்கி, முழம் முழமாக விரல்களுக்கிடையே உருவிக் காக்பிட்டுக்குள் விழவிடுங்கள். நுனி அடியிலும் கப்பியை ஒட்டிய பகுதி மேலேயும் இருக்குமாறு குவியல் அமையும். தளர்த்தும்போது மேலே இருப்பது முதலில் போகும். நுனியைத் தேடுவதற்குச் சோம்பல்பட்டுக் கப்பிப் பக்கத்திலிருந்து உருவினால் குவியல் தலைகீழாகிவிடும். அது செய்யாமலிருப்பதைவிட மோசம். நீரிலும், காற்றோடு ஓடும் திசைக்குப் படகைத் திருப்புவதற்குச் சற்று முன் இதை ஒரு முறை செய்துவிடுவேன், ஏனென்றால் அந்த ஒரு திருப்பத்தில்தான் ஏறக்குறைய முழுக் கயிறும் வெளியே போகிறது.

உங்கள் கயிறு நீளமும் அதிகம், தடிமனும் அதிகம். 7 மி.மீ. போதும். நீளத்தைக் கரையிலேயே அளந்துகொள்ளலாம்: பாயை ஏற்றி, பூமைப் படகுக்குக் குறுக்காகப் பக்கவாட்டில் வெளியே விட்டு, அதற்கு மேல் ஒரு மீட்டர் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் 13 மீட்டரை ஒட்டி நிற்கும். காலடியில் கிடக்காத இரண்டு மீட்டர் சிக்காது. வெட்டிய நுனியைத் தீயில் உருக்கி அடைத்து, எட்டு வடிவ முடிச்சு ஒன்று போட மறக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏறியிருக்கும் முறுக்கை இறக்க, முடிச்சை அவிழ்த்துவிட்டு, மெல்லிய காற்றில் அந்த நுனியைப் படகின் பின்னால் நீரில் சில நிமிடம் இழுத்துச் செல்வார்கள். நான் வேறு வழி செய்தேன். எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிச் சுவரிலிருந்து கயிற்றை முழு நீளத்துக்கும் தொங்கவிட்டேன். அது யாரும் தொடாமலே மெதுவாகச் சுழன்று, நின்று, மறுபடி சிறிது சுழன்று, பிறகு அசையாமல் தொங்கியது. கீழே காவலாளி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். கிணறு எங்கே இருக்கிறது என்று தேடியிருப்பார்.

உப்புக்கு ஒரே மருந்து நல்ல தண்ணீர். ஒரு வாளி வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பழைய தலையணை உறைக்குள் போட்டு, மிதமான சோப்புத் தூளுடன் துணி துவைக்கும் இயந்திரத்தில் சுற்றவிடலாம். வெளுப்பான் வேண்டாம். அதற்குப் பிறகும் விறைப்பாகவே இருந்தால் அந்தக் கயிற்றைத் துணி காயப்போட வைத்துக்கொள்ளுங்கள்.

ஜைப் விவகாரம் லேசர் ஓட்டும் எல்லோருக்கும் பொதுவான சாபம். பூம் குறுக்கே வரும்போது பூமின் கடைசி முனைக்கும் டிராவலருக்கும் (படகின் பின்பகுதியில் குறுக்கே கட்டிய கயிற்றுக்கும்) நடுவே உள்ள கயிறு தளர்ந்து தொய்கிறது. அந்தத் தொய்வுதான் பின்பலகை மூலையைக் கவ்விக்கொள்கிறது. ஜைப் தொடங்கும் முன் ஒரு கைநீளம் கயிற்றை உள்ளே வாங்குங்கள். பூம் நடுக்கோட்டுக்கு வரும் அந்தக் கணத்தில், தலைக்கு மேலே பூமிலிருந்து இறங்கும் கயிற்றைக் கையால் பற்றி வெடுக்கென்று உதறி இழுங்கள். தொய்வு மேலெழும்பி மூலையைத் தாண்டிவிடும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் பலிக்காது. நூறு முறை செய்தால்தான் கைக்கு வரும். டிராவலர் கயிற்றை வீணைத் தந்தி போல விறைப்பாகக் கட்டியிருப்பதும் உதவும்.

நீலப்பாய் எழுதியது:

கூழைக்கடா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நான் ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரியில் இரண்டு பேர் ஓட்டும் என்டர்பிரைஸ் வகைப் படகில் போகிறவன். ஜாக் ஹோல்ட் 1956-இல் வடிவமைத்த பழைய வகை, நீல நிறப் பாய்களால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். எங்களுக்கு முன்பாயும் உண்டு என்பதால் கயிறுகளின் எண்ணிக்கை கூடுதல். ஆகையால் அவிழ்ந்து திரியும் நுனிகளைக் குறைப்பதே எங்கள் முதல் வேலை. முன்பாய்க்கு இடம் ஒன்று, வலம் ஒன்று என்று இரண்டு கயிறு வைக்காமல், இரு முனையும் பாயில் கட்டப்பட்ட ஒரே தொடர்கயிறாக வைத்திருக்கிறோம். நுனியே இல்லாத கயிறு படகுக்கு வெளியே நழுவி நீரில் இழுபடாது. ஒரு பக்கம் தளரும் நீளத்தை மறுபக்கம் எடுத்துக்கொள்கிறது.

உங்கள் லேசரிலும் இதே எண்ணத்தைப் பயன்படுத்தலாம். மெயின்ஷீட்டின் கடைசி நுனியைக் காக்பிட்டின் கால்பட்டையில் (வெளியே சாயும்போது பாதத்தை மாட்டிக்கொள்ளும் பட்டையில்), அது தரையோடு சேரும் இடத்தில் கட்டிவிடுங்கள். வெளியே விழுந்தாலும் முழுவதும் போகாது. கண்ணை மூடிக்கொண்டும் நுனியைக் கண்டுபிடிக்கலாம். கிக்கர், கன்னிங்ஹாம் போன்ற, பாயின் வடிவத்தைச் சரிசெய்யும் சிறு கயிறுகளின் வால்களை மெல்லிய எலாஸ்டிக் கயிற்றால் இழுத்து வையுங்கள். பந்தயத்தில் கலந்துகொள்வதாக இருந்தால் வகுப்பு விதிகளை ஒரு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கூழைக்கடா எழுதியது:

நுனியைக் கட்டுவதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கட்டிய கயிறு ஒரு பெரிய வளையமாகிறது; படகு கவிழும்போது கால் அதற்குள் போனால், அவிழ்ந்த நுனியைப் போல அது உருவிக்கொண்டு வராது. வங்கக்கரை இப்போதுதான் கணுக்காலில் கயிறு சுற்றிய அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். சில மாதங்களாவது நுனியைக் கட்டாமல் விடட்டும் என்பேன். நான் இப்போது கட்டித்தான் ஓட்டுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பாம்பன்காரன் எழுதியது:

தம்பி, பந்தயப் படகு எனக்குத் தெரியாது, கயிறு தெரியும். என் அப்பா காலத்தில் பாய் வைத்த வள்ளங்கள்தான். பாயை ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்றும், நீங்கள் மெயின்ஷீட் என்று எழுதுவதைத் தாமான் என்றும் சொல்வார்கள்.

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். முறுக்குக் கயிறு வேறு, பின்னல் கயிறு வேறு. மூன்று புரி வலமுறுக்குக் கயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில்தான் சுருட்ட வேண்டும். எதிர்த்திசையில் சுருட்டினால் புரி பிரிந்து திமிறும். உங்கள் கயிறு பின்னல் வகையாகத்தான் இருக்கும். அதற்குத் திசை கிடையாது. கரையில் கட்டி வைக்கும்போது எட்டு வடிவமாக மடித்தால் ஒரு பக்கம் ஏறும் முறுக்கை மறுபக்கம் இறக்கிவிடும்.

குவியலைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆயிரங்கால் தூண்டில் (ஒரே நீளக் கயிற்றில் பல முட்கள் கட்டிய தூண்டில்) விடுகிறவர்கள் கயிற்றைக் கூடைக்குள் விழவிட்டு, தூண்டில் முள்ளை மட்டும் விளிம்பில் வரிசையாக மாட்டி வைப்பார்கள். கடைசியாக விழுந்தது முதலில் கிளம்பும். அந்தக் கூடையை யாரும் காலால் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் வசவு நிச்சயம். உங்கள் படகில் உங்கள் கால்தான் அந்தக் கூடைக்குள்ளேயே நிற்கிறது, அதுதான் கஷ்டம். ஆகவே பக்கம் மாறும்போது காலைத் தரையோடு தேய்த்து இழுக்காமல் தூக்கி வையுங்கள். காற்று வலுவாக இருக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். உயிர்காப்புச் சட்டையில் எட்டும் இடத்தில் ஒரு சிறு கத்தி இருக்கட்டும். கவிழ்ந்த படகை நிமிர்த்தும் முன் தாமான் தளர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் நிமிர்ந்த வேகத்தில் காற்றைப் பிடித்து மறுபடி கவிழும், அல்லது உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

வங்கக்கரை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு வாரம் முயன்றுவிட்டு எழுதுகிறேன். பழைய கயிற்றை ஊறவைத்தபோது வாளித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது, ஆனால் விறைப்பு போகவில்லை. 7 மி.மீ. கயிறு புதிதாக வாங்கி, அளந்து பார்த்து 13 மீட்டரில் வெட்டினேன். சுருட்டுவதை விட்டுவிட்டு, நுனியிலிருந்து உருவி விழவிடுகிறேன். இந்த நான்கு பயணங்களில் கப்பியில் முடிச்சு மாட்டியது ஒரே ஒரு முறை. அதுவும் நான் கால்பட்டைக்கு அடியில் கயிற்றைத் தள்ளிவிட்டதால். நுனியை இப்போதைக்குக் கட்டவில்லை. கத்தி வாங்கிவிட்டேன்.

ஜைப் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பத்துக்கு நான்கு முறை மூலையில் மாட்டுகிறது. உதறும் கணத்தைப் பூமைப் பார்த்து முடிவு செய்வதா, கையில் பாரம் குறைவதை உணர்ந்து முடிவு செய்வதா?

கூழைக்கடா எழுதியது:

கையை நம்புங்கள். பாரம் சட்டென்று இல்லாமல் போகும், அப்போது உதற வேண்டும். பூமைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நெற்றியில் இடித்த பிறகுதான் கை நகரும்.