சப்லைமிலிருந்து விஎஸ் கோடுக்கு: காணாமல் போன டாலர்

என் அன்றாட வேலை பிஎச்பி மொழியில் நிரல் எழுதுவது. சப்லைம் டெக்ஸ்ட் என்ற எடிட்டரில் பல வருடமாகச் சேர்த்த ஸ்னிப்பெட்டுகள் (சின்னச் சொல்லைத் தட்டினால் விரியும் நிரல் துணுக்குகள்) அறுபதுக்கு மேல் இருந்தன. குழுவில் எல்லோரும் விஎஸ் கோடு என்ற இன்னொரு எடிட்டருக்கு மாறியபோது அவற்றை விட்டுவர எனக்கு மனமில்லை.

இரண்டிலும் டெக்ஸ்ட்மேட் என்ற எடிட்டரின் வழிவந்த குறியீடுதான். கர்சர் நிற்கும் இடங்களுக்கு $1, $2, கடைசியில் $0. கோப்புதான் வேறு. சப்லைமில் ஒரு ஸ்னிப்பெட்டுக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. விஎஸ் கோடில் ஒரு மொழிக்குரிய எல்லாவற்றையும் ஒரே ஜேசான் (தரவை எழுதும் இன்னொரு வடிவம்) கோப்பில் வைக்கலாம். சரி என்று பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி மாற்றினேன்.

கோப்பைத் திறந்தால் எங்கும் சிவப்புக் கோடு. பிஎச்பி மாறிகள் டாலரில் தொடங்குவதால், அந்த டாலரை எடிட்டர் தன் குறியீடாக எண்ணிவிடாதபடி ஸ்னிப்பெட்டுக்குள் \$ என்று எழுதியிருப்போம். ஜேசானில் பேக்ஸ்லாஷுக்குத் தனிப் பொருள் உண்டு, அதனால் அது இதை ஏற்காது. பேக்ஸ்லாஷை எல்லாம் நீக்கினேன், சிவப்பு போய்விட்டது. மறுநாள் கன்ஸ்ட்ரக்டர் ஸ்னிப்பெட்டை விரித்தால் ‘$திஸ்’ வரவேண்டிய இடத்தில் வெறும் ‘திஸ்’. தனக்குத் தெரியாத மாறி என்று எடுத்துக்கொண்டு, டாலரை விழுங்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துவிடுகிறது விஎஸ் கோடு. பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து. \\$ என்று இரட்டை பேக்ஸ்லாஷ் இருக்க வேண்டும். பைத்தானின் ஜேசான் மாட்யூலிடம் விட்டிருந்தால் அதுவே செய்திருக்கும். நான் சரங்களைக் கையால் ஒட்டியிருந்தேன்.

இதே காரணத்தால் இன்னொன்றும் கெட்டது. தேர்ந்தெடுத்த வரிகளை ட்ரை-கேட்சுக்குள் (பிழை வந்தால் பிடிக்கும் நிரல் பகுதி) வைக்கும் ஸ்னிப்பெட்டில் சப்லைமின் ‘$செலக்‌ஷன்’ மாறி இருந்தது. விஎஸ் கோடில் அதற்கு வேறு பெயர். பத்து வரிகளைத் தேர்ந்தெடுத்து விரித்தேன். வரிகள் போய், ‘செலக்‌ஷன்’ என்ற சொல் மட்டும் நடுவில் நின்றது. அன்டூ செய்து மீட்டேன்.

பெரிய எழுத்தாக மாற்றும் ரீஜெக்ஸ் (எழுத்துகளைத் தேடி மாற்றும் குறியீடு) இருந்த நான்கு ஸ்னிப்பெட்டுகளைக் கையால்தான் திருத்தினேன். எழுதும் முறை இரண்டிலும் வேறு. விம் எடிட்டரில் அல்டிஸ்னிப்ஸ் என்ற ஸ்னிப்பெட் செருகுநிரல் வைத்திருக்கும் நண்பருக்கு இன்னும் சிரமம். ஸ்னிப்பெட்டுக்குள்ளேயே ஓடும் பைத்தான் நிரலுக்கு விஎஸ் கோடு ஸ்னிப்பெட்டில் இடமே கிடையாது. அவற்றை அவர் விட்டுவிட்டார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, டாலர் உள்ள ஒவ்வொன்றையும் காலிக் கோப்பில் விரித்துப் பார்த்தேன். இன்னும் மூன்று அகப்பட்டன. பழைய எக்ஸ்எம்எல் கோப்புகளைக் கிட்டில் (கோப்பின் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் மென்பொருள்) அப்படியே வைத்திருக்கிறேன்.