விஆர் தீப் பயிற்சியில் தவழ்ந்தாலும் 'புகை தாக்கியது' என்கிறது, உதவுங்கள்

வகுப்பாசிரியை: வணக்கம். 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஆர் (தலையில் ஹெட்செட் மாட்டி ஆடும் மெய்நிகர்) விளையாட்டு மூலம் தீ விபத்துப் பயிற்சி தருகிறோம். புகைக்குக் கீழே குனிந்து வெளியேற வேண்டும். ஒரு ஹெட்செட்டில் தவழ்ந்து போனாலும் 'புகை தாக்கியது' என்று ஆட்டம் முடிகிறது. இன்னொன்றில் நிமிர்ந்து நடந்தே தப்பிவிடுகிறார்கள்! சிலருக்குக் குமட்டலும் வருகிறது.

கம்பியில்லாதவன்: ஹெட்செட்டுக்கு ஹெட்செட் மாறுகிறது என்றால் தரைமட்டத்தைத்தான் சந்தேகிப்பேன். நிமிர்ந்தே தப்புகிற கருவி மேசைப் பரப்பைத் தரை என்று எடுத்திருக்கும். அதன் கணக்கில் பிள்ளையின் தலை இடுப்புயரத்தில்தான் இருக்கிறது. மற்றதில் 'உட்கார்ந்து ஆடும்' முறை இருக்கிறதா பாருங்கள். அதில் உட்கார்ந்திருப்பவரையும் நிற்பவராகக் காட்ட உயரத்தைக் கூட்டிவிடுவார்கள், தவழ்ந்தாலும் தலை புகைக்குள்தான். இரண்டிலும் 'நின்று ஆடும்' முறைக்கு மாற்றி, கன்ட்ரோலரைத் தரையில் தொட்டுத் தரைமட்டத்தை மறுபடி அமையுங்கள்.

குமட்டல் வேறு கதை. ஜாய்ஸ்டிக்கால் நகர்கிறார்களா? கண் 'போகிறோம்' என்கிறது, உள்காது 'நிற்கிறோம்' என்கிறது. டெலிபோர்ட்டுக்கு (சுட்டிய இடத்துக்கு ஒரே தாவலில் போகும் முறை) மாற்றினால் பெரும்பாலும் குறையும்.

மணியடிப்பவர்: டெலிபோர்ட் வேண்டாம் என்பேன். கதவைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பது, சுவரைப் பிடித்து நகர்வது, எல்லாவற்றையும் ஒரே தாவலில் தாண்டிவிடுவார்கள். அப்புறம் எதற்குப் பயிற்சி? காலியான கூடம் இருந்தால் நிஜமாகவே நடக்க விடுங்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்கட்டும். லென்ஸ் இடைவெளியையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிசெய்யுங்கள், பெரியவர்களுக்கு வைத்தது அவர்களுக்கு அகலம். தலைசுற்றினால் உடனே கழற்றிவிடுங்கள், 'கொஞ்சம் பொறு' என்ற பேச்சே கூடாது.

வகுப்பாசிரியை: மேசையேதான்! இரண்டும் சரியாகிவிட்டன, நன்றி. கூடத்தில் நடக்க விட்டதும் குமட்டலும் குறைந்தது. ஆனால் தோற்றால் மறு ஆட்டம் என்று சிரித்துக்கொண்டே தீக்குள் ஓடுகிறார்களே?

மணியடிப்பவர்: புள்ளிக் கணக்கையும் கடிகாரத்தையும் அணைக்க முடிந்தால் அணையுங்கள், ஓட வைப்பதே அவைதான். தோற்றவரிடம் எந்த இடத்தில் எதைப் பார்த்து அப்படிப் போனாய் என்று கேட்டுவிட்டு மறு ஆட்டம் கொடுங்கள். அதே வாரத்தில் மணியடித்து உண்மையான வெளியேற்ற ஒத்திகையும் வையுங்கள். படிக்கட்டு நெரிசலும் தீயணைப்பானின் கனமும் ஹெட்செட்டில் வராது.

கம்பியில்லாதவன்: கீழ் வகுப்புகளுக்குக் கொண்டுபோகும் முன் வயது வரம்பைப் பாருங்கள். மெட்டா குவெஸ்டுக்கு 10, பிளேஸ்டேஷன் விஆருக்கு 12.