மணல் நிலத்தில் மான்களுக்குக் கோடையில் என்ன விதைக்கலாம்?

கேள்வி: அமெரிக்காவின் தெற்கு ஜார்ஜியாவில் மான்கள் மேய்வதற்காக அரை ஏக்கர் வைத்திருக்கிறேன், முழுக்க மணல், மழை பெய்த மறுநாளே காய்ந்துவிடும். போன மே மாதம் சோயா போட்டேன், இரண்டு இலை விட்டதுமே மான்கள் மொட்டையடித்துவிட்டன. இந்தத் தடவை என்ன போடலாம்?

பதில் 1: அயர்ன் கிளே ரகத் தட்டைப்பயறு போடுங்கள். மணலையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கும், வளர்ந்த பிறகு மேய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும். விதையை லேசாக நனைத்து ரைசோபியம் (வேரில் தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா) பிசறி அன்றைக்கே விதைத்துவிடுங்கள், ஒரு அங்குல ஆழம் போதும். ஒரு மாதம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி வேரில் இருக்கும் சிறு முண்டைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது என்று அர்த்தம்.

பதில் 2: முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். பிஎச் (மண்ணின் அமில-கார அளவு) 6க்குக் கீழே இருந்தால் சில மாதம் முன்பே சுண்ணாம்பு போட வேண்டும். மணலில் சாம்பல் சத்து சீக்கிரம் கரைந்து ஓடிவிடும், அதனால் உரத்தைப் பிரித்துப் போடுங்கள்.

பதில் 3: எனக்கென்னவோ பயிரைவிட இடம்தான் பிரச்சினை. அரை ஏக்கர் என்றால் தட்டைப்பயறையும் முளையிலேயே தின்றுவிடும். முதல் 6 வாரமாவது மின்வேலி கட்டுங்கள். முடியாவிட்டால் கொஞ்சம் சோளம் கலந்து விதையுங்கள், கொடி அதில் ஏறிக்கொள்ளும்.

கேட்டவர்: சரி, வேலியே கட்டிவிடுகிறேன். மண்ணை இந்த வாரமே பரிசோதனைக்கு அனுப்புகிறேன்.