மறு: குழாய் அடாப்டர் – தகவியா, மரைமாற்றியா?

அனைவருக்கும் வணக்கம். குழாய் நுனியில் வேறொரு கருவியை மாட்ட நடுவில் திருகும் அடாப்டருக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> 'தகவி' என்றே வைத்துக்கொள்ளலாம். மின்செருகிக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என்று தனித்தனியாகச் சொல் தேடினால் அகராதி தாங்காது.

ஐயா, போன வாரம் வரை நானும் உங்கள் கட்சிதான். பாத்திரங்கழுவிக்குத் தமிழில் வழிகாட்டி எழுத உட்கார்ந்தபோது 'தகவி' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அப்புறம் எங்கள் வீட்டுக் குழாயில் அதை மாட்டப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வாடகை வீட்டில். சமையல் மேடையை வெட்டி இயந்திரம் பதிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் சக்கரம் வைத்த பாத்திரங்கழுவி. வேண்டும்போது தொட்டிப் பக்கம் உருட்டி வந்து குழாயில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு முன்னால் குழாய் நுனியில் உள்ள சல்லடையைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தோடு வந்த உலோகத் துண்டை அங்கே திருக வேண்டும். அந்தத் துண்டில் வெளிப்பக்கம் 15/16 அங்குல மரை (திருகுவதற்கான சுற்று வரிகள்), உள்பக்கம் 55/64 அங்குல மரை. இரண்டிலும் அங்குலத்துக்கு 27 சுற்று. அமெரிக்கக் குழாய்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று பொருந்திவிடும்.

எங்கள் குழாய் ஐரோப்பிய அளவு. 24 மில்லிமீட்டர் விட்டம், புரியிடைத் தூரம், அதாவது அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு நடுவே உள்ள தூரம், 1 மில்லிமீட்டர். 15/16 அங்குலம் என்பது 23.8 மில்லிமீட்டர், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 27 சுற்று என்றால் புரியிடைத் தூரம் 0.94. ஒரு சுற்று சுகமாக ஏறியது, இரண்டாவது சுற்றில் இறுகிவிட்டது. இறுகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். குழாயைத் திறந்ததும் நாலா பக்கமும் தண்ணீர். டெஃப்லான் டேப்பை நான்கு சுற்று சுற்றிப் பார்த்தேன், பலனில்லை. பலன் இருக்கவும் முடியாது. இந்த வகை இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். மரை முழுதாக ஏறினால்தான் வாஷர் அமுங்கும்.

கடைசியில் ஒரு பக்கம் 24 மில்லிமீட்டர், மறுபக்கம் 15/16 அங்குலம் என்று இரு மரை உள்ள இன்னொரு துண்டு வாங்கினேன். ஐந்து நிமிட வேலை. அதை எழுதப் போனால் வாக்கியம் இப்படி வருகிறது: "தகவியைக் குழாயில் திருகி, அதன் பிறகு தகவியைத் தகவியில் திருகவும்." ஆங்கிலக் கையேட்டிலும் இதே கூத்துதான், இரண்டுக்கும் ஒரே பெயர். அவர்கள் தடுமாறிய இடத்தில் நாமும் தடுமாற வேண்டுமா?

> அப்படியானால் 'மரைமாற்றி'?

எனக்கு ஒப்பவில்லை. "மரை மாற்றி மாட்டிட்டேன்" என்றால் தப்பாக மாட்டிவிட்டேன் என்றுதான் காதில் விழும். அதோடு மின்மாற்றி மின்னழுத்தத்தை உண்மையிலேயே மாற்றுகிறது. இந்தத் துண்டு எதையும் மாற்றுவதில்லை, நடுவில் உட்கார்ந்து இரு பக்கமும் ஒத்துப்போகிறது. அதனால் என் பரிந்துரை: இடைமரை.

இயந்திரத்தோடு வருகிற துண்டு வேறு. அதன் மேல்பாதியில்தான் மரை, கீழே பள்ளம் விழுந்த மொழுக்கென்ற கழுத்து. இயந்திரக் குழலின் தலை அந்தக் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். அதைக் 'கவ்வுகழுத்து' எனலாம். இப்போது வாக்கியம் சரியாகிவிடுகிறது: "இடைமரையைக் குழாயில் திருகி, அதில் கவ்வுகழுத்தைத் திருகவும்."

'மரை' வேண்டாம், 'புரி' போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். புரியிடைத் தூரம் திருகு அளவிப் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் புரி என்றதும் எனக்குக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது. குழாய் வேலை செய்பவர் வாயில் மரைதான். மரை கழண்டவன் என்று திட்டத் தெரிந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இலங்கை நண்பர்களுக்கு மரை என்றால் மான் என்பது தெரியும். 'இடை' முன்னால் நிற்பதால் மான் உள்ளே வராது என்று நம்புகிறேன்.

தோட்டின் திருகாணி ஏறும் துளையுள்ள பகுதியை நகைக்கடையில் 'சுரை' என்பார்கள், அதையே வைக்கலாம் என்று இங்கே வந்தது நல்ல யோசனை. துளையுள்ள பக்கத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் நம் துண்டு ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் சுரை. ஒரு பாதியின் பெயரை முழுசுக்கும் வைப்பது சரியாக இருக்காது. சுரையை நட்டுக்கு விட்டுவைப்போம்.

ஆண் மரை, பெண் மரை என்பதை மட்டும் கைவிட்டுவிடலாம். உள்மரை, வெளிமரை போதும். "குழாய் நுனியில் விரல் விட்டுப் பாருங்கள், உள்ளே நெருடினால் உள்மரை" என்று எழுதினால் அம்மாவுக்கும் புரியும்.

இன்னொன்று பாக்கி. கவ்வுகிற தலையில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. குழாயை மூடிய பிறகும் உள்ளே அடைபட்டிருக்கும் அழுத்தத்தை இறக்கிவிடுவதற்கு. 'அழுத்தத் தணிப்பி' என்று எழுதி அடித்துவிட்டேன், ஏதோ ரத்த அழுத்த மாத்திரை மாதிரி இருக்கிறது. அதை அமுக்காமல் இழுத்து நேற்று சட்டை முழுக்க நனைந்தது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.