நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து நர்சிங் ஹோம் தேர்ந்தெடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பாலாற்றங்கரை (நியூஜெர்சி)

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த ஐந்தாம் நாள். நோயாளியை அடுத்து எங்கே அனுப்புவது என்று ஏற்பாடு செய்யும் மருத்துவமனையின் கேஸ் மேனேஜர், நர்சிங் ஹோம்களின் நான்கு பக்கப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, நாளை காலை பத்து மணிக்குள் மூன்று பெயர்களைச் சொல்லுங்கள் என்றார். நேரில் போய்ப் பார்க்க ஏது நேரம்? இரவெல்லாம், அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் நர்சிங் ஹோம்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரும் ‘கேர் கம்பேர்’ தளத்தைப் புரட்டி, மொத்த மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவற்றில் வீட்டுக்கு அருகில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். (நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய மருத்துவமனை. இங்கே அமெரிக்காவில், முதியவர்களும் நோயிலிருந்து தேறுபவர்களும் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம்.)

சேர்த்த இரண்டாவது ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்குப் போனேன். சாப்பாட்டுத் தட்டு மேசையில் இருந்தது. அப்பாவுக்கு வலது கை அசையாது. தட்டை வலது பக்கம் வைத்திருந்தார்கள். மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஆரஞ்சுச் சாறு டப்பாவின் மேலே ஒட்டியிருக்கும் வெள்ளித் தாள் ஒரு ஓரத்தில் மட்டும் நசுங்கிச் சுருங்கியிருந்தது. இடது கையால் அதை எட்டிப் பிடித்து நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறார், கிழிக்க முடியவில்லை. அழைப்பு மணியின் வயர் கட்டில் கம்பியில் சுற்றிக்கொண்டு தரையை நோக்கித் தொங்கியது. என்னைப் பார்த்ததும் “பசிக்கவில்லை” என்று குழறினார். சாப்பாட்டு வேளையில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வெளியே வரும்போது வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை செவிலியர்கள், எத்தனை உதவியாளர்கள் வேலையில் இருக்கிறார்கள் என்று அன்றன்றைக்கு எழுதி ஒட்ட வேண்டும் என்பது விதி. அன்று ஞாயிற்றுக்கிழமை. தாளில் இருந்தது வெள்ளிக்கிழமைத் தேதி.

அந்த ஐந்து நட்சத்திரம் எதற்குக் கொடுத்தது? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மருதாணி (கலிஃபோர்னியா)

என் மாமியாருக்கு 79 வயது, மறதி நோய். பேசப் பழகிய ஆங்கிலமெல்லாம் போய், தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. நாங்கள் சேர்த்த இல்லத்துக்கு ‘தர அளவீடுகள்’ பிரிவில் ஐந்து நட்சத்திரம். மூன்று வாரம் கழிந்தது. எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருந்தார், வாயோரம் எச்சில் ஒழுக. மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். க்யூட்டியபின் என்ற மனநோய் மருந்து இருந்தது. அதற்குக் காரணமாக எழுதியிருந்த நோயின் பெயர் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு. ஆயுளில் ஒரு நாளும் மனநல மருத்துவரிடம் போகாத பெண்ணுக்கு, 79 வயதில்!

எதை வைத்து எழுதினீர்கள் என்று கேட்டேன். இரவுக் குறிப்பைக் காட்டினார்கள். “இறந்துபோன தாயை இரவு முழுவதும் அழைக்கிறார். தாய் அறையில் இருப்பதாக நம்புகிறார்.”

அவர் “அம்மா, அம்மா” என்று கத்தியிருக்கிறார். முழங்கால் வலி. வலித்தால் நாம் வேறு என்ன சொல்லிக் கத்துவோம்?

அந்த வரியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வலிக்கு மாத்திரை கொடுக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் இரவு அமைதியாகத் தூங்கினார். மனநோய் மருந்து எத்தனை பேருக்குக் கொடுக்கப்படுகிறது என்பது தர அளவீடுகளில் ஒன்று. ஆனால் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதிவிட்டால் அந்த நோயாளி கணக்கிலேயே வரமாட்டார் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்படி எழுதியவை சரிதானா என்று தணிக்கை செய்யப்போவதாக 2023 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசு அறிவித்தது. அப்படியென்றால் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இவை அவர்களே எழுதி அவர்களே வாங்கிக்கொள்ளும் மதிப்பெண்கள். நட்சத்திரத்தை நம்பாதீர்கள்.

செவிலி (இல்லினாய்)

மருதாணி, உங்கள் மாமியாருக்கு நடந்தது கொடுமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ‘நட்சத்திரத்தை நம்பாதீர்கள்’ என்று மொத்தமாகச் சொல்வதை ஏற்க மாட்டேன். நான் இந்த வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். நோயாளிகளின் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புவதே என் பொறுப்பு. எல்லோரும் பொய் எழுதுவதில்லை.

2008 டிசம்பரில் வந்த இந்த முறையில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, மாநில ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வந்து எழுதும் ஆய்வு. இரண்டாவது, பணியாளர் எண்ணிக்கை. முன்பு இதை இல்லங்களே சொல்லிக்கொண்டிருந்தன. 2018 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கிறார்கள். 2022 ஜூலை முதல் வார இறுதி எண்ணிக்கையும், எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதும் சேர்ந்துவிட்டன. மூன்றாவதுதான் நீங்கள் சொல்லும் தர அளவீடுகள். அதில் பெரும்பகுதி எங்கள் படிவத்திலிருந்து போகிறது, உண்மை.

மொத்த நட்சத்திரம் ஆய்விலிருந்து தொடங்கும். பணியாளர் பிரிவில் ஐந்து இருந்தால் ஒன்று கூடும், தர அளவீட்டில் ஐந்து இருந்தால் இன்னும் ஒன்று கூடும். அதாவது ஆய்வில் மூன்றே வாங்கிய இல்லம் மொத்தத்தில் ஐந்தாகத் தெரியலாம். பாலாற்றங்கரை, உங்கள் இல்லத்தின் மூன்று பகுதிகளையும் தனித்தனியே திறந்து பாருங்கள்.

என்னை உறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். முன்னறிவிப்பு இல்லை என்றாலும், பதினைந்து மாதங்களுக்குள் வந்தாக வேண்டும் என்பதால் ஓரளவு ஊகிக்கலாம். ஆய்வு நடந்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் இருப்பவர்கள்கூட அறைகளுக்கு வந்து ஊட்டினார்கள், தண்ணீர் வைத்தார்கள். ஆய்வாளர்கள் போன மறுநாள் 12ஆம் அறைப் பாட்டி என் கையைப் பிடித்து, “நேற்று வந்த அந்தப் பெண் இன்று வரமாட்டாளா?” என்று கேட்டார். அந்தப் பெண் கணக்குப் பிரிவு மேலாளர். நான் பதில் சொல்லாமல் போர்வையைச் சரி செய்தேன்.

மாமரத்து நிழல் (ஒஹையோ)

எங்களுடையது தலைகீழ். மாமனாரை இரண்டு நட்சத்திர இல்லத்தில் சேர்த்தோம், வேறு இடம் கிடைக்கவில்லை. உறவினர்கள் எல்லோரும் திட்டினார்கள். பழைய கட்டடம், மங்கிய விளக்கு. ஆனால் அங்கே ஓர் உதவியாளர், பத்தொன்பது ஆண்டுகளாக அதே பகுதியில் வேலை செய்பவர். சேர்த்த மறுநாள் என் கணவரிடம் ஒரு தாளை நீட்டி, உங்கள் அப்பா அடிக்கடி சொல்லும் சொற்களை எழுதிக் கொடுங்கள் என்றார். தண்ணீர், வலி, குளிர், போதும். தன் கைப்பட ஆங்கில எழுத்தில் மீண்டும் எழுதி, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினார். மாமனார் “போதும்” என்றால் கரண்டியை நிறுத்திவிடுவார். அவர் காலமான அன்று, அந்தத் தாளை அவரே பிரித்து மடித்து எங்களிடம் கொடுத்தார். இன்னும் என் பையில் இருக்கிறது.

நட்சத்திரம் குறைவு என்று யாரும் பயப்பட வேண்டாம்.

நூலகத் தெரு (ஹூஸ்டன்)

மாமரத்து நிழல் சொல்வதை அப்படியே பிடித்துக்கொண்டு யாரும் இரண்டு நட்சத்திர இல்லத்துக்குப் போய்விட வேண்டாம். உங்களுக்கு நல்ல ஆள் கிடைத்தார். அவர் விடுப்பில் போன வாரம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை.

நாங்கள் செய்த தவறு வேறு. அம்மா டெக்சாஸில் மூன்று நட்சத்திர இல்லத்தில் இருந்தார். அண்ணன் மாசசூசெட்ஸில் நான்கு நட்சத்திரம் கண்டுபிடித்து, அங்கே மாற்றியே ஆக வேண்டும் என்று சண்டை போட்டார். ஆய்வு நட்சத்திரத்தை அந்தந்த மாநிலத்துக்குள் ஒப்பிட்டுத்தான் கொடுக்கிறார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஒவ்வொரு மாநிலத்திலும் முதல் 10 சதவீதத்துக்கு ஐந்து, கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று, நடுவில் உள்ளவை சமமாக மூன்றாகப் பிரியும். இரண்டு மாநிலங்களின் நட்சத்திரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. விமானத்தில் அம்மா, “எந்த ஊருக்குப் போகிறோம்?” என்று ஏழெட்டு முறை கேட்டார்.

ஓய்வுபெற்ற பொறியாளர் (மிஷிகன்)

என் மனைவி இடுப்பு எலும்பு முறிந்து, மீண்டும் நடக்கப் பழகும் சிகிச்சைக்காகப் பதினெட்டு நாள் நர்சிங் ஹோமில் (ரீஹாப்) இருந்தார், நல்லபடியாகத் திரும்பினார். அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல வேண்டியது என் கடமை. முதலில், நெருக்கடி வரும்வரை காத்திருக்காதீர்கள். பெற்றோருக்கு எண்பது ஆகும் முன்பே பக்கத்தில் உள்ள மூன்று இல்லங்களை ஞாயிறு மாலை உணவு நேரத்தில் போய்ப் பாருங்கள். ஆய்வு அறிக்கையை வருபவர்கள் எடுத்துப் படிக்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து இருக்கும். ஜே, கே, எல் என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து என்று பொருள். தளத்தில் சிவப்பு வட்டத்துக்குள் விரித்த கை தெரிந்தால், துன்புறுத்தல் தொடர்பான குறை பதிவாகியிருக்கிறது. மஞ்சள் முக்கோணம் என்றால் தொடர்ந்து மோசமாக இருப்பதால் தனிக் கண்காணிப்பில் உள்ள இல்லம். அசிஸ்டட் லிவிங் (அன்றாட உதவியோடு முதியவர்கள் வாழும் குடியிருப்பு) இந்த மதிப்பீட்டில் வராது, குழப்பிக்கொள்ளாதீர்கள். மெடிக்கேர் அதிகபட்சம் 100 நாள் செலவைத் தரும், அதில் முதல் 20 நாள் மட்டுமே முழுமையாகத் தரும். அதற்கும் முன்பு மருத்துவமனையில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்காமல் ‘அப்சர்வேஷன்’ (கண்காணிப்பு) என்று வைத்திருந்தால் அந்த நாட்கள் கணக்கில் சேராது, தினமும் கேளுங்கள். நூறு நாளுக்குப் பிறகு சொந்தப் பணம் அல்லது மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு). சட்டப்படியான அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த மாதமே எழுதுங்கள். இல்லத்தில் இருப்பவர்களின் புகார்களைக் கேட்கும் ஓம்பட்ஸ்மன் அலுவலகம் மாநிலத்துக்கு மாநிலம் உண்டு, கட்டணம் கிடையாது. பிள்ளைகள் வெளியூரில் இருந்தால்...

மருதாணி

ஐயா, அவர் கேட்டது நட்சத்திரம் எதற்குக் கொடுத்தது என்று. பத்திரம் எழுதுவது பற்றித் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், நானே வந்து படிக்கிறேன். செவிலி, உங்கள் 12ஆம் அறைப் பாட்டியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பாலாற்றங்கரை

செவிலி சொன்னபடி திறந்து பார்த்தேன். ஆய்வு மூன்று, பணியாளர் ஐந்து, தர அளவீடு ஐந்து. வார நாளைவிட வார இறுதியில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் பணியாளர் நேரம் கணிசமாகக் குறைவு என்பதும் அங்கேயே இருக்கிறது, ஒரு சொடுக்கு உள்ளே.

முந்தைய ஆய்வின் முழு அறிக்கையையும் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு குறை. எழுத்து ‘டி’, அதாவது தீங்கு ஏதும் நேரவில்லை, நேரக்கூடும் என்ற அளவில் உள்ளது. பெயர் சொல்லாத ஒரு நோயாளியின் அறையில், அழைப்பு மணி கை எட்டும் தூரத்தில் இல்லை என்று ஆய்வாளர் எழுதியிருக்கிறார். அப்பா அங்கே போவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு.

ஓம்பட்ஸ்மன் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். வியாழக்கிழமை அப்பாவை வீட்டுக்கு அழைத்து வருகிறோம். அந்த ஒன்பதாம் பக்கத்தைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.