மேக்ரோ லென்ஸ்: பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு இடம்?

சின்னப் பொருள்களை மிக அருகில் போய்ப் பெரிதாக எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எது கூர்மையானது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 1:1 வரை போகும், அதாவது பொருளை அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழவைக்கும் லென்ஸ்களில் கூர்மை போதவில்லை என்று நான் எதையும் ஒதுக்கியதில்லை. லென்ஸின் முனைக்கும் எடுக்கும் பொருளுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

நான் தொடங்கியது நிக்கான் 60 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் (எஃப் எண் லென்ஸின் துளை அளவைச் சொல்வது; எண் கூடினால் துளை சிறிதாகும்). குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 18.5 செ.மீ. என்று போட்டிருப்பார்கள். அது சென்சாரிலிருந்து அளந்த தூரம். லென்ஸின் நீளத்தையும், சென்சாருக்கும் மவுன்டுக்கும் (லென்ஸ் கேமராவில் மாட்டும் இடம்) இடையில் உள்ளதையும் கழித்தால் கையில் நிற்பது சுமார் 5 செ.மீ. தான். பூ, இலை நரம்பு, நாணயம் எல்லாவற்றுக்கும் அது தாராளம். அவற்றுக்கு இன்றும் நான் எடுப்பது 60தான்.

தட்டானிடம் அது செல்லாது. பாதி தூரம் நெருங்குவதற்குள் பறந்துவிடும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூச்சி கிடைத்தாலும் லென்ஸின் நிழல் அதன் மேலேயே விழும். ஃபிளாஷ் வெளிச்சமும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

அப்புறம் நிக்கான் 105 மி.மீ. வி.ஆர். (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அதிர்வுக் குறைப்பு) லென்ஸுக்கு வந்தேன். அதே 1:1, ஆனால் இடைவெளி சுமார் 15 செ.மீ. தட்டான் இருந்த இடத்திலேயே இருந்தது, கண்ணின் அறைகள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் படம் கிடைத்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை. இதில் இருக்கும் அதிர்வுக் குறைப்பை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். நெருங்க நெருங்க அதன் பலன் குறையும். பூச்சிகளுக்கு ஃபிளாஷும் அதன் வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசரும்தான் கைகொடுக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த லென்ஸை 1:1-க்குக் கொண்டுபோனால் எஃப்/2.8 இருந்த இடத்தில் கேமரா 4.8 என்று காட்டும். லென்ஸ் பழுது என்று பதற வேண்டாம். நெருங்கும்போது சென்சாருக்கு வரும் வெளிச்சம் உண்மையாகவே குறைகிறது, நிக்கான் அதைக் கணக்கில் எடுத்துக் காட்டுகிறது. 1:1-இல் எஃப்/8 வைத்தாலும் ஃபோகஸில் இருப்பது 1 மி.மீ.-க்கும் குறைவான ஆழம்தான். அதைக் கூட்டலாம் என்று எஃப்/22 வரை போனால், சின்னத் துளை வழியே ஒளி விரிந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுவதுமே மழுங்கிவிடும். அந்த மெல்லிய ஆழம் கண்ணின் மேல் விழுந்தால் போதும், மீதி மங்கினாலும் படம் நிற்கும்.

குதிக்கும் சிலந்தி வேறு கதை. அது ஓடாது, நின்று திரும்பி நம்மையே பார்க்கும், அதனால்தான் எனக்கு அதன் மேல் இவ்வளவு பிரியம். ஆனால் 5 மி.மீ. சிலந்தி, ஃபுல் ஃபிரேம் சென்சாரின் 24 மி.மீ. உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். 1:1 இங்கே போதாது. இதற்காக இன்னொரு லென்ஸ் வாங்காமல் ரெய்னாக்ஸ் டி.சி.ஆர். 250 என்ற 8 டயாப்டர் (லென்ஸின் திறனைச் சொல்லும் அளவு) குளோசப் லென்ஸை முன்னால் மாட்டிக்கொள்கிறேன். இடைவெளி சுருங்கும், சிலந்தி அதைப் பொருட்படுத்துவதில்லை. 52 முதல் 67 மி.மீ. வரை உள்ள ஃபில்டர் அளவுகளில் அதன் கிளிப் உட்காரும். மேலே சொன்ன இரண்டு லென்ஸுமே 62 மி.மீ., அதனால் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம்.