பதில்: ‘அகேதியா’வுக்குத் தமிழ்ச்சொல்: தியக்கம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய கிறிஸ்தவத் துறவிகள் பேசிய ஒருவகை உள்ளச் சலிப்பும் தவிப்பும்தான் ‘அகேதியா’ என்ற கிரேக்கச் சொல்; அதற்கு நம் சொற்பட்டியலில் ஒரு தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஞானோபதேசத்தில் (கிறிஸ்தவ மறைக்கல்வியில்) தலையான பாவங்கள் ஏழில் ‘சோம்பல்’ என்றுதானே இருக்கிறது, அகேதியாவுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் சொற்பட்டியலை ஆலோசகர்களும் பயன்படுத்துவார்கள். வாடிப்போய் உதவி தேடி வருபவரிடம் “உங்களுக்குச் சோம்பல்” என்று சொன்னால் அது பழிச்சொல்லாகத்தான் கேட்கும்.

எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த துறவி எவாக்ரியுஸ் இதை விவரிக்கும் விதத்தைப் பாருங்கள். காலை பத்து மணிவாக்கில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு வரை ஆளைப் படுத்தும். சூரியன் நகராது, பகலுக்கு 50 மணி நேரம் போலத் தோன்றும். கண் சன்னலுக்கே போகும். இருக்கும் இடம் கசக்கும், கைவேலை கசக்கும், தேற்ற ஒருவரும் இல்லை என்று படும். சோம்பேறிக்கு ஏது இத்தனை தவிப்பு? பின்னாளில் ரோமில் போப்பாண்டவர் பெரிய கிரகோரியார் தலையான பாவங்களின் பட்டியலை மாற்றியமைத்தபோது அகேதியா துயரத்துக்குள் கரைந்தது. ‘சோம்பல்’ அதற்கும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

‘மனச்சோர்வு’ வேண்டாம், அது டிப்ரஷனுக்கு நிலைத்துவிட்டது. இரண்டையும் குழப்பினால் மருத்துவரிடம் போகவேண்டியவர் ஜெபத்தோடு நின்றுவிடுவார். குறளின் ‘மடி’ அழகான சொல், ஆனால் அதுவும் சோம்பலே. ‘அக்கறையின்மை’ கிரேக்க வேருக்குச் சரி, தவிப்பு அதில் இல்லை.

என் பரிந்துரை: தியக்கம். “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?” என்ற 42ஆம் சங்கீதம் பலருக்கும் மனப்பாடம். அகேதியா பிடிக்கும்போது ஆன்மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி மறுபாதியைத் தேற்றட்டும் என்று எவாக்ரியுஸ் சொல்லி, இதே வசனத்தைத்தான் கையில் கொடுக்கிறார்! கெஸ்டால்ட் என்ற உளவியல் சிகிச்சையில் இரண்டு நாற்காலி போட்டுத் தன்னோடு தானே பேசவைக்கிறார்களே, அதற்கு மிக நெருக்கமான வழி இது.

எகிப்தின் பாலைநிலத் துறவியான வனத்து அந்தோணியாரும் அகேதியாவில் அகப்பட்டவர்தான். ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதும், எழுந்து ஜெபிப்பதும், மறுபடி திரிப்பதுமாக இருந்ததைக் கண்டு, அதையே செய்து தேறினார் என்கிறது பாலைநிலத் தந்தையரின் மரபு. மனம் தெளியும்வரை காத்திராமல் சின்னச் சின்ன வேலைகளை முதலில் செய்யச் சொல்வதுதானே டிப்ரஷனுக்குத் தரும் இன்றைய ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ சிகிச்சையும்?

அகராதியில் தியக்கத்துக்கு மயக்கம், கலக்கம் என்ற பொருள்கள் உண்டு, தெரியும். இருந்தாலும் ‘தியங்கு’ என்ற வினை கையோடு கிடைக்கிறது. “எந்த நேரத்தில் அதிகம் தியங்குகிறீர்கள்?” என்று ஆலோசகர் இயல்பாகக் கேட்கலாம். சபைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் இது புரியுமா என்று ஆலோசனைப் பணியில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.